குழாயா, காலா?

பக்கவாட்டுக் கண்ணாடி போயிற்று, உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரி மேட்டில் அப்பாவின் வாடகைக் காரை லாரி உரசிக்கொண்டு போனதில் வெளியே தெரிந்த சேதம் அவ்வளவுதான். வீட்டுக்குள் ஆன சேதத்தை இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் ரிட்டயரான தபால்காரர். அவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அப்பா மேடேறினார். பாதி மேட்டில் வண்டி இழுக்க மறுத்தது. சாலைக்கு வலது பக்கம் கொஞ்சம் அகலமான மண்தரை இருந்ததால் அங்கே ஒதுங்கலாம் என்று ஸ்டியரிங்கை ஒடித்தார். பின்னாலிருந்து அதே பக்கமாக லாரி முந்திக்கொண்டு வந்துவிட்டது. லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான் என்கிறார் தபால்காரரின் மனைவி. அவன் அடிக்கவே இல்லை என்கிறார் அப்பா.

அப்பாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மூத்தவன், அதாவது அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மறுநாளே அப்பாவைத் தன் கடை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னான். அப்பா கடைசி வரியைக்கூடத் தடுமாறாமல் ஒப்பித்துவிட்டு, அதுக்குக் கீழே வேற ஏதாவது இருக்கா என்று கேட்டார். கண்ணில் கோளாறு இல்லை என்றதும் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டான். மரியாதைக்காக அல்ல, அப்பாவின் காலில் பலம் போய்விட்டது, எப்போது மிதிப்பது எப்போது கியர் மாற்றுவது என்ற நிதானம் போய்விட்டது என்று சொல்வதற்காக.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தங்கையையும் சேர்த்து இழுத்தான்.

தங்கைக்கு வேலை பஸ் டிப்போவை ஒட்டிய ஒரு பட்டறையில். கார்களுக்குப் புகைக்குழாய் வளைப்பதும் சைலன்சர் பொருத்துவதும் தவிர அங்கே வேறு வேலை கிடையாது. வீட்டில் அவளுக்குப் பெயரே சைலன்சர்தான். பாதி வேலையை வைத்து, மீதி அவள் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால். அப்பா வண்டியின் பின்பாதிக் குழாய் அவள் கையால் வளைத்தது. அது மாட்டின அன்றைக்கு அண்ணன் எங்கோ ஒரு கடையில் பார்த்துப் பளபளவென்று தடித்த குழாய் ஒன்றை வாங்கி வந்திருந்தான். பெரிய குழாய் போட்டால் வண்டி பறக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். உறுமல்தான் பெரிதாக வரும், மேட்டில் மூச்சு வாங்கும் என்று சொல்லி அவள் அதை ஓரமாக வைத்துவிட்டாள். அந்தக் குழாய் இன்னும் அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அவன் மனத்தாங்கலும் அங்கேதான் கிடக்கிறது.

"ஒண்ணு உன் குழாயா இருக்கணும், இல்ல அப்பா காலா இருக்கணும்," என்றான் நேற்று. "ரெண்டுல எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் வண்டியை விலை பேச ஆள் வர்றாங்க."

அப்பா கையில் ஸ்டியரிங் இருக்குமா, இருக்காதா என்பது இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அவளுக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

காலையில் அவளே வண்டியை எடுத்தாள். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சொந்த வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்காருவது அவருக்குப் பழக்கமில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை நகர்ந்து உட்கார்ந்தார். தெருமுனையில் திரும்பும்போதே வண்டிக்கு அடியில் கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்தவளுக்கு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. வண்டியில் கோளாறு இருந்தால் அப்பாவின் காலில் கோளாறு இல்லை. அந்தக் கோளாறு தான் வளைத்த குழாயிலேயே இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். தன் வேலை தப்பாய்ப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அந்தப் பட்டறையில் அதற்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

டிப்போவுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது. வேலை முடிந்த வண்டிகளை அங்கேதான் ஏற்றிப் பார்ப்பார்கள். அவள் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தும் வண்டி அரைகுறையாகத்தான் ஏறியது. மிதிக்க மிதிக்க எஞ்சின் திணறியதே தவிர வேகம் கூடவில்லை.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, வண்டி இழுக்கலைப்பா, என்றாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தூசி என்று சொல்லிக்கொண்டார்.

பட்டறையில் வண்டியை லிஃப்டில் தூக்கிவிட்டு அவள் அடியில் போய் நின்றாள். அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டீ டம்ளரோடு சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

எஞ்சின் விஷயம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. உள்ளே போகிற காற்று எரிந்து புகையாகி வெளியே வரவேண்டும். பழையது முழுசாகப் போனால்தான் புதுசுக்கு இடம் கிடைக்கும். புகை ஒரே சீராக வராது, தவணை தவணையாகப் பாய்ந்து வரும். குழாயின் அகலம் சரியாக இருந்தால் முன்னால் பாய்ந்து போவது பின்னால் வருவதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அகலம் அதிகமானால் அந்தப் பாய்ச்சல் தளர்ந்து, வண்டி மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். குறுகிப்போனாலோ, வளைவில் நசுங்கினாலோ, புகை திரும்பி எஞ்சினையே அழுத்தும். இத்தனையையும் அவள் அண்ணனிடம் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அவன் காதில் வாங்கவில்லை.

எஞ்சினிலிருந்து இறங்கும் குழாயில், புகையை வடிகட்டும் கன்வெர்ட்டருக்கு முன்னால், ஒரு சென்சார் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினாள். வெல்டரை ஏணியில் ஏற்றி எஞ்சினை முடுக்கச் சொன்னாள். வெல்டர் அவளைவிட வயதில் மூத்த பெண், அதிகம் கேள்வி கேட்காத மனுஷி. ஆரோக்கியமான வண்டியில் அந்த முள் அசைந்தும் அசையாமலும் நிற்கும். இந்த வண்டியில் சரசரவென்று ஏறிவிட்டது.

புகை எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் மிச்சம். அவள் தன் குழாயை முழுசாகக் கழற்றிக் கீழே வைத்தாள். குழாய்தான் அடைப்பென்றால் இப்போது முள் இறங்கவேண்டும். எஞ்சினை மறுபடி முடுக்கினார்கள். முள் இறங்கவில்லை.

அப்படியென்றால் அவள் குழாய் அல்ல. மிச்சமிருந்தது கன்வெர்ட்டர் ஒன்றுதான். அதையும் கழற்றி, ஒரு முனையில் டார்ச்சை வைத்து மறு முனையில் கண்ணை வைத்தாள். நல்லதாக இருந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரம் ஓட்டைகளும் அவற்றின் வழியாக வெளிச்சமும் தெரியும். இதில் இருட்டுதான் தெரிந்தது. ஒரு ஸ்பார்க் ப்ளக் செத்துப்போய் வெகுநாளாகியிருக்க வேண்டும். எரியாத பெட்ரோல் அந்த வழியாக வந்து அங்கே எரிந்து, சூட்டில் கூடு பாதி உருகிப் பாதி உடைந்து, துண்டுகள் வாயை அடைத்துக்கொண்டிருந்தன.

பார்த்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டாள். குழாயும் இல்லை, காலும் இல்லை, கன்வெர்ட்டர் என்றாள். மேட்டில் யார் ஓட்டியிருந்தாலும் வண்டி இழுத்திருக்காது என்றாள்.  அவன், வாங்க வரும் ஆளைத் தானே வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், சாயங்காலம் வந்து அப்பாவிடம் பேசுவதாகவும் சொன்னான்.  அண்ணன் கெட்டவனில்லை. பயந்தால் கத்துவான், அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வெல்டர் அந்தக் கன்வெர்ட்டரைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலகல என்றது.

"நீ வாசலுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே எனக்கு இது கேட்டுச்சு," என்றார் வெல்டர். "டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி. ப்ளக் வேற போயிருக்கு, எஞ்சின் இருமிக்கிட்டே இருந்திருக்கும். உங்கப்பா எப்படி இதை இத்தனை நாள் ஓட்டினாரு?"

 காலையில் அந்தச் சத்தம் அவள் காதிலும் விழுந்ததுதான். கோளாறு கிடைத்த சந்தோஷத்தில் அதற்குமேல் யோசிக்கவில்லை. அப்பா வண்டியை இரவில் முக்குச் சந்தில் நிறுத்துகிறவர். அவள் கிளம்பிப் போன பிறகு எடுப்பார். அதனால் அவள் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அப்பா? டிக்கியில் ஒரு ஸ்பேனர் உருண்டால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்த் துணி சுற்றி வைக்கிற மனிதர் அவர்.

பட்டறையின் பின்பக்கத்தில் யாரோ குழாய்களை அடுக்கும்போது கட்டு அவிழ்ந்தது. இரும்புக் குழாய்கள் மொத்தமாக சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டன. வெல்டர் காதைப் பொத்திக்கொண்டார். எதிர்க்கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் நாற்காலியில் அப்பா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  வெல்டர் கன்வெர்ட்டரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

புது கன்வெர்ட்டரையும் புது ப்ளக்கையும் போட்டு, தன் குழாயைத் திரும்ப மாட்டினாள். கை வேலையைச் செய்தது, மனசு அந்த மேட்டிலேயே நின்றது. லாரிக்காரன் ஹாரன் அடித்திருக்கிறான். விடாமல் அடித்திருக்கிறான். அப்பாவும் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். சின்ன மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் இடது கையை எடுத்து கியர் கம்பியின் தலையில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். வண்டியைத் தட்டிக்கொடுக்கிறார் என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். எஞ்சின் ஓடுகிற விதத்தை அவர் கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்று அவள் சாலையைப் பார்த்தபடி கேட்டாள். பதில் இல்லை. அவர் பக்கம் திரும்பி, அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "பழைய இழுவை வந்துடுச்சு," என்று சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாளியோடு வண்டியைக் கழுவப் போனார். அவள் அடுக்களைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, அம்மாவிடம் நேராகக் கேட்டாள்.

"அப்பாவுக்குக் காது எத்தனை நாளா கேட்கலை?"

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தாமலே, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றாள். முதலில் ஒரு காது, அப்புறம் இரண்டும். வீட்டுக்குள் கிட்ட நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துக்கொள்கிறார். காது மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மா கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். காதில் மெஷின் மாட்டின டிரைவர் வண்டியில் எவன் ஏறுவான் என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அம்மா அவரோடு வண்டியில் போக ஆரம்பித்தாள்.

வெளிக்காற்று பட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு அம்மா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது, வயதான காலத்தில் என்ன ஒரு அன்யோன்யம் என்று அண்ணனும் அவளும் கேலி செய்திருக்கிறார்கள். பின்னால் ஹாரன் கேட்டால் அம்மா அவர் தொடையில் தட்டுவாளாம். இடது பக்கம் என்றால் ஒரு தட்டு, வலது பக்கம் என்றால் இரண்டு தட்டு. அடியில் சத்தம் வந்தது அம்மாவுக்கும் கேட்டுத்தான் இருந்தது. வண்டி என்றால் சத்தம் போடும் என்று விட்டுவிட்டாள். மேட்டில் லாரி உரசிய அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்.

"இனிமே ஒரு நாள் விடாம கூடவே போறேன்," என்றாள் அம்மா. அப்போதுதான் முகத்தைத் திருப்பினாள். "உங்கண்ணன்கிட்ட சொல்லாதே. வண்டியை விட்டா அவருக்கு என்ன இருக்கு? எழுந்து எங்க போவாரு?"

"உனக்குக் காய்ச்சல் வந்தா என்ன ஆகும்னு பார்த்துட்டோமேம்மா."

அம்மா கழுவிய பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

மகளுக்கு அம்மாமேல் கோபம் வந்தது. வந்த கோபம் நிற்கவும் இல்லை. ஒரு வருஷமாக அந்த முன் இருக்கையில் கண்ணும் காதுமாக, தூங்காமல், ஜன்னல் பக்கம் வேடிக்கைகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொள்வது? ஆனால் தபால்காரரின் மனைவியும் ஒரு பெண்மணிதான். பின் இருக்கையில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்.

சொன்னபடி சாயங்காலம் அண்ணன் வந்தான். உடைந்ததற்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, தானே வண்டியில் பொருத்தினான். கண்ணாடிக்கடைக்காரன் கண்ணாடி மாட்டுவதில் அதிசயம் என்ன என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தார். அதை இன்றைக்குத்தான் மகள் கவனித்தாள்.

அப்புறம் அண்ணன் அப்பா காலடியில் தரையில் உட்கார்ந்தான். எழுத்தைப் படிக்கச் சொன்னது, கால் போச்சு என்றது, கேட்காமலே வண்டிக்கு ஆள் பேசியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். நாற்பது வயசு ஆண்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். தரையைப் பார்த்துப் பேசியதால் அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் அவர் மகன் தலையில் கை வைத்து, விடுடா, என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இவ்வளவு நாள் கழித்து அண்ணன் தணிந்து வந்திருக்கிறான். மேட்டுச் சம்பவத்துக்குப் பிறகு அப்பாவின் முதுகு இன்றுதான் நிமிர்ந்திருக்கிறது. இப்படியே விட்டுவிட்டால் வீடு இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கும். கோளாறைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், அப்பாவுக்கு நிரபராதி என்று பட்டம் கொடுத்தவளும் அவள்தான்.

போன் அடித்தது. அம்மா எடுத்தாள். தபால்காரரின் மனைவி. நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வண்டி சரியாகிவிட்டதாமே, அவரையே அனுப்புங்கள், வேறு வண்டியில் ஏற இவருக்கு மனசில்லை என்றார். அம்மா அப்பாவின் எதிரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து விஷயத்தைச் சொன்னாள். அப்பா உடனே எழுந்துவிட்டார்.

சாவி மகளிடம் இருந்தது. கழுவின வண்டியைச் சந்தில் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். அப்பா அவள் முன்னால் வந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து விரல் அடியெல்லாம் காய்த்திருந்தது. பின்னால் அம்மா அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நாளைக்கு நான் ஓட்டுறேன்ப்பா."

"நீ எதுக்கு? உனக்கு வேலை இருக்கே," என்றார் அப்பா. "வண்டிதான் சரியாயிடுச்சுன்னு சொன்னியே."

"வண்டி சரியாயிடுச்சுப்பா," என்றாள் அவள்.

அப்பாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் உதட்டிலிருந்து பார்வையை எடுத்து, அவள் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனிந்துகொண்டாள்.

"என்ன விஷயம்? அப்போ வேற என்ன கோளாறு?" என்று தரையிலிருந்து எழுந்துகொண்டே கேட்டான் அண்ணன். அவனுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா திரும்பவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.